காடு கொடுத்த கிழங்கு

பொன்முடி மலைப் பக்கம் அருகிவரும் உயிரினங்களைப் பற்றிக் கவலைப்படுவதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். பெருகிவரும் ஓர் இனத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘காடு கற்றவர்’. இவர் காட்டில் பிறந்தவர் அல்லர். காட்டில் பிறந்தவர்கள் பிள்ளைகளுக்கு நகரத்தில் தம்பானூர்ப் பக்கம் ஏதாவது வேலை கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். இவர் அறுபது வருஷம் மின்விசிறிக்குக் கீழே வாழ்ந்துவிட்டு, ஒரு நாள் காலை பேப்பர் படிக்கும்போது மனித குலம் அடிப்படைத் திறன்களை எல்லாம் இழந்துவிட்டது என்று கண்டுபிடித்து, குலத்தின் சார்பில் அவற்றை மீட்டுக்கொண்டு வருவதற்காக ஏதாவது ஒரு குடியிருப்பில் போய்ச் சேர்ந்தவர்.

உங்களுக்கு இவரைத் தெரியும். கல்யாண மண்டபத்தில் நூறு நாற்காலி காலியாகக் கிடக்க, தூண் ஓரமாகக் குந்தி உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். மழை வருமா என்று பேச்சுக்குக் கேட்டால் விரலை எச்சிலில் நனைத்துத் தூக்கிப் பிடிப்பார்; மழை கொட்டத் தொடங்கிய பிறகும் விரலை இறக்கமாட்டார். நீங்கள் களை என்று பிடுங்கிப் போட்டதைப் பொறுக்கி வாயில் போட்டு மென்று இரும்புச்சத்து என்பார். உங்கள் வீட்டுத் துணிக்கொடியை அவிழ்த்து, தன் முறைப்படி ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுப் போவார். அதை அவிழ்க்க மறுபடி அவரையே கூப்பிட வேண்டும். செருப்பு? கிடையாது. பாதம் மண்ணைக் கேட்க வேண்டுமாம். பாதம் கேட்டதை எல்லாம் டாக்டர் பிற்பாடு ஊசியால் குத்தி எடுத்தார்.

கடைசி வாக்கியம் ஒரு குறிப்பிட்ட பாதத்தைப் பற்றியது. கரமனை அக்ரஹாரத்து சுந்தரராமனின் பாதம். வங்கியில் முப்பது வருஷம் எனக்குப் பக்கத்து மேஜை. டிபன் பாத்திரத்தின் மூடி இறுகிவிட்டால் என்னிடம் நீட்டுவார். நான் திறந்து கொடுப்பேன். அவர் ஓய்வு பெற்ற ஆறாவது மாதம், கல்லாறுக்கு மேலே உள்ள ‘காட்டகம்’ என்ற இடத்தில் தங்கிப் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது, அங்கே மூடியை யார் திறப்பார் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றிய கேள்வி.

காட்டகத்தை நடத்துகிறவர் பிரஜின். மென்பொருள் வேலையை விட்டுவிட்டு வந்த இளைஞர், நல்ல மாதிரி, விஷயம் தெரிந்தவர். குறை சொல்ல வேண்டுமானால் ஒன்றுதான் உண்டு: காட்டகத்தில் காடு இல்லை. காடு ஓடைக்கு அந்தப் பக்கம் வனத்துறையிடம் இருக்கிறது, அங்கே கால் வைக்க அனுமதி கிடையாது. இந்தப் பக்கம் இருப்பது யாரோ பராமரிக்காமல் விட்ட பன்னிரண்டு ஏக்கர் ரப்பர்த் தோட்டம். அதில் மூங்கில் குடில்கள் போட்டு, பதினைந்து பேர் எதிர்க்கரையைப் பார்த்தபடி வனவாழ்க்கை பழகுகிறார்கள்.

அவர்களுடைய நாள் எப்படிப் போகிறது தெரியுமா? விடிந்ததும் வில்லையும் குச்சியையும் வைத்துக் கடைந்து தீ உண்டாக்க வேண்டும். தீப்பெட்டி பாவம். தீ வந்தால் எல்லாரும் கைதட்டுவார்கள், வராவிட்டால் எல்லாரும் பட்டினி, ஆகவே கைதட்டலில் உண்மையான உணர்ச்சி இருக்கும். செடியிலிருந்து ஒன்றைப் பறிக்கும் முன் அந்தச் செடியிடம் மூன்று தரம் அனுமதி கேட்க வேண்டும். செடிகள் இதுவரை மறுத்ததாகத் தகவல் இல்லை. தொலைபேசி அறவே கூடாது. ஆனால் தோட்டத்தின் மேல் மூலையில் ஒரு பாறை இருக்கிறது, அங்கே மட்டும் சிக்னல் கிடைக்கும், மாலையானால் பதினைந்து பேரும் பறவை பார்க்க அந்தப் பாறைக்குத்தான் போவார்கள். தினமும் ஐந்தே முக்காலுக்கு, தொலைபேசி இல்லாத வாழ்க்கையின் இனிமை பற்றி சுந்தரராமனிடமிருந்து எனக்கு வாட்ஸ்அப் வரும். ஒவ்வொரு செய்தியும் ஒரே மாதிரி முடியும்: காடு கொடுக்கும்.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். இந்த இனத்தின் கெட்ட குணம், தான் கரையேறிய கையோடு பெண்டாட்டியையும் கரையேற்றப் பார்ப்பது. ஜெயலக்ஷ்மி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. பத்தாம் வகுப்பு அவர் கையில். கணக்கு என்றாலே காய்ச்சல் வருகிற பிள்ளைகளை வருஷா வருஷம் கரை சேர்ப்பவர். அவர் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு, கரமனை வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, மூங்கில் குடிலுக்கு வந்துவிட வேண்டும் என்று சுந்தரராமன் பாறை மேல் நின்று தினமும் சொன்னார். நாலு மாதம் சொன்னார். ஐந்தாம் மாதம் ஜெயலக்ஷ்மி ஒரு நிபந்தனை போட்டார்.

காட்டகத்தின் கடைசிப் பரீட்சைக்குத் தனிவாசம் என்று பெயர். ஒரு கத்தி, ஒரு கயிறு, ஒரு பாத்திரம், இவற்றோடு தோட்டத்தின் ஓர் ஒதுக்குப்புறத்தில் மூன்று நாள் தன்னந்தனியாக இருக்க வேண்டும். யாரோடும் பேசக்கூடாது, மனிதர் கையால் எதுவும் வாங்கக்கூடாது. அதை முடித்துக் காட்டுங்கள், அன்றைக்கே கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்றார் ஜெயலக்ஷ்மி. காப்பிக்குச் சர்க்கரை எங்கே இருக்கிறது என்று தெரியாத மனுஷன், முதல் ராத்திரியே ஆட்டோ பிடித்து வந்துவிடுவார் என்பது அவர் போட்ட கணக்கு. முப்பத்தோரு வருஷம் கூட இருந்தவர் போட்ட கணக்கு தப்பாது என்று நானும் நம்பினேன்.

தப்பிவிட்டது. மூன்றாம் நாள் காலையில் பிரஜினிடமிருந்து செய்தி வந்தது: ஸார் இன்னும் உள்ளேதான் இருக்கிறார், மத்தியானம் வெளியே வருகிறார்.

சாட்சிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு ஜெயலக்ஷ்மி தம்பானூரில் பஸ் ஏறினார். பிப்ரவரி மாதம், மாதிரித் தேர்வு முடிந்த சமயம். பஸ் ஆடிய ஆட்டத்திலும் மடியில் விடைத்தாள் கட்டை வைத்துத் திருத்திக்கொண்டே வந்தார். பைக்குள் தட்டச்சு செய்த கடிதம் தயாராக இருந்தது. சொன்ன வார்த்தை மாற மாட்டார். வேண்டாம் என்று சொல்லலாமே, யார் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று கேட்டேன். “அப்பறம் பிள்ளைகள்கிட்ட காப்பி அடிக்காதேன்னு எந்த மூஞ்சியோட சொல்றது?” என்றார்.

காட்டகத்தார் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சுந்தரராமன் நடுவில் வந்து நின்றார். மூன்று நாள் தாடி. தேகம் இளைத்திருக்கும் என்று எதிர்பார்த்தேன், ஒரு சுற்று பூசியிருந்தார். கண்களை மூடிக்கொண்டு தன் அனுபவத்தைச் சொன்னார். முதல் நாள் குடிசைக்குக் கம்பு தேடிப் போனாராம். ஒரு மரத்தடியில் நேர்நேரான கம்புகள், எல்லாம் ஒரே உயரத்தில், கட்டுக் கட்டாகச் சாய்த்து வைத்தது போலக் காடு அவருக்காகக் காத்துக்கொண்டிருந்ததாம். சில கம்புகளில் துளிர்கூட விட்டிருந்ததாம், அது காட்டின் ஆசியாம். ஒரே உயரத்தில் வெட்டி அடுக்குகிற காட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் நான் காடு கற்றவன் இல்லையே. பக்கத்திலேயே விரல் விரித்த இலைகளோடு ஒரு செடி. மூன்று தரம் அனுமதி கேட்டுப் பிடுங்கினால் அடியில் கைகையாகக் கிழங்கு. கொஞ்சம் தள்ளி காந்தாரி மிளகாய். எறும்புச் சாரியையும் வண்ணத்துப்பூச்சியையும் வைத்து ஈரத்தைக் கண்டுபிடித்து, கத்தியால் குத்திக் கிளறியபோது சருகுக்கு அடியிலிருந்து ஊற்று பீறிட்டதாம். கல் அடுக்கிச் சின்னக் குளம் போலக் கட்டிக்கொண்டாராம்.

மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கை, அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். ஆனால் வேகவைத்துத் தட்டில் வரும், செடியோடு வந்ததில்லை. கிழங்கு என்று தெரிந்தது, யாரோ நட்டது என்று மட்டும் தோன்றவில்லை. வேலி இல்லை, அவ்வளவுதான் காரணம். வேலி இல்லாவிட்டால் அது காடு. வட்டத்தில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிரஜின் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயலக்ஷ்மி பையைத் திறந்து கடிதத்தை எடுத்தார். பேனா கேட்டார். பஸ்ஸில் விழுந்துவிட்டது என்றேன். என் சட்டைப்பையிலிருந்து அவரே எடுத்துக்கொண்டார். விடைத்தாள் கட்டின் மேல் கடிதத்தை வைத்துத் தேதி எழுதினார்.

அப்போதுதான் கீழேயிருந்து ஒரு பெண் ஏறி வந்தார். தாசம்மாள் என்று பெயர், பக்கத்து நிலத்தில் பயிர் செய்கிற தாசையனின் மனைவி, தெற்கே எல்லைப்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கையில் ஒரு முழம் கறுப்புக் குழாய். வட்டத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

“சாரு இப்பம் பேசலாமா? விரதம் களிஞ்சுதா?” என்று கேட்டார்.

முடிந்தது என்று பிரஜின் மெதுவாகச் சொன்னார்.

“நேத்தைக்கே வந்தேன். சாரு கண்ணை மூடி இருந்தாரு. விரதத்தைக் கெடுக்கப்பிடாதுன்னு திரும்பிப் போயிட்டேன். ரெண்டு நாளா வீட்டுல குடிக்க வெள்ளம் வரல்ல சாரே, ஓடையிலேருந்து சுமந்தாக்கும் எடுக்கேன். அந்தப் பைப்பை மட்டும் ஒண்ணு கூட்டித் தரணும்.”

“அது ஊத்து” என்றார் சுந்தரராமன்.

“ஊத்துதான் சாரே. அது மேல இருக்கு. அங்கேருந்து இந்தப் பைப்பு வழியாக்கும் எங்க வீட்டுக்கு வருது.”

கிழங்கைப் பற்றித் தாசம்மாளுக்கு வருத்தமே இல்லை. பசித்தால் யாரானாலும் பறிப்பார்கள் என்றார். தாசையன் முதல் நாளே பார்த்துவிட்டு, ஏதோ வீட்டில் பிரச்சினை போலிருக்கிறது, பாவம், சாப்பிடட்டும் என்று சொன்னாராம். அந்த மரச்சீனிக் கம்புகள் மட்டும் திரும்பக் கிடைத்தால் நல்லது. அறுவடை முடிந்ததும் அடுத்த நடவுக்காக வெட்டி நிழலில் சாய்த்து வைத்தவை, துளிர் விடுவது அதனால்தான். எரிக்காமல் இருந்தால் போதும் என்றார். கொஞ்சம் எரிந்திருந்தன.

இந்த இடத்தில் நீங்களும் நானுமாக இருந்தால் பூமி பிளந்து விழுங்காதா என்று பார்த்திருப்போம். சுந்தரராமன் காடு கற்றவர். கண்ணை மூடினார், மூச்சை இழுத்தார், மனுஷாளும் காட்டில் ஒரு பாகம்தான், தாசையன் மூலமாகக் காடு கொடுத்திருக்கிறது என்றார். வட்டம் தலையாட்டியது. சிலர் கைதட்டவும் கையை எடுத்தார்கள்.

ஜெயலக்ஷ்மி பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார்.

“நீங்க மூணு நாள் தனியா இருக்கலை. இவா ஆத்துல விருந்து சாப்பிட்டிருக்கேள். சொல்லிக்காம.”

பிறகு தாசம்மாளிடம், “பைப் எங்கே கீறியிருக்கு, காட்டுங்கோ” என்றார்.

நானும் கூடப் போனேன். சுந்தரராமன் கட்டிய குளத்துக்குள் கறுப்புக் குழாய் வாயைப் பிளந்து கிடந்தது. ஜெயலக்ஷ்மி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அங்கிருந்த தாசையனிடம் மேலே ஊற்றில் தண்ணீரை அடைக்கச் சொல்லி, கிழிந்த பாகத்தை நறுக்கி எறிந்தார். ஒரு முனையைச் சூடு காட்டி இளக்கி மற்ற முனைக்கு மேல் செருக வேண்டும். தாசம்மாள் தீப்பெட்டி கொடுத்தார். காற்றில் குச்சிகள் அணைந்துகொண்டே இருந்தன. ஏதாவது பேப்பர் இருந்தால் தேவலை என்றார் தாசம்மாள். ஒரு கட்டு விடைத்தாளும் ஒரு கடிதமும் இருந்தன. ஜெயலக்ஷ்மி கடிதத்தைச் சுருட்டிக் கொளுத்தினார். நன்றாக எரிந்தது. குழாய் இளகியதும் ஓர் அழுத்து, ஒரு திருகு, வேலை முடிந்தது.

இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். “ஆத்துல மொட்டைமாடிக் குழாய் உடைஞ்சப்போ எல்லாம் யார் பாத்தான்னு நெனைச்சேள்?” என்றார். நான் எதுவும் நினைத்ததில்லை என்பதுதான் உண்மை. கீழே வீட்டில் தண்ணீர் குடத்தில் விழுகிற சத்தம் கேட்டது. பதிலுக்கு தாசம்மாள் எங்களுக்குக் கிழங்கும் தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சம்மந்தியும் கொடுத்தார். நாங்கள் கேட்டுத்தான் இரண்டாம் தரம் போட்டுக்கொண்டோம். சாயங்கால பஸ்ஸில் ஜெயலக்ஷ்மி ஜன்னலோரம் உட்கார்ந்து மிச்ச விடைத்தாள்களைத் திருத்தினார். நான் சந்தோஷத்தில் விதுரை வரை வாயை மூடாமல் பேசிக்கொண்டே வந்தேன்.

சுந்தரராமன் கம்புகளைத் திரும்ப அடுக்கிவிட்டு அடுத்த மாதம் கரமனைக்கு வந்துவிட்டார். திருந்திவிட்டாரா என்றா கேட்கிறீர்கள்? குடியிருப்போர் சங்க ஆண்டு விழாவில் போன மாதம் பேசினார். ‘யார் உதவியும் இல்லாமல் மூன்று நாள்’ என்பது தலைப்பு. பேசி முடித்ததும் தாகத்துக்கு ஒரு டம்ளர் மோர் வந்தது. யார் நீட்டினார்கள் என்று அவர் பார்க்கவில்லை. ஜெயலக்ஷ்மிதான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குக் காடு கீடு ஒன்றும் கிடையாது, காலில் நல்ல செருப்பு, வீட்டில் தீப்பெட்டி, ஆகவே இந்த இனத்தில் சேர்த்தி இல்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். இருங்கள். ‘யார் தயவும் இல்லாமல் சொந்தக் காலில் நின்று முன்னுக்கு வந்தவன் நான்’ என்று போன வாரம்கூட யாரிடமோ சொன்னீர்களே, அப்போது உங்கள் கையில் ஒரு காப்பி இருந்தது. அதை யார் போட்டது?