எங்கள் சந்துக்கு வந்த பன்னிரண்டு சக்கரம்

எங்கள் சந்தில் முப்பத்தொரு வீடு. தண்ணீர்க் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. இடுப்பில் குழந்தையும் கையில் குடமுமாக முனைரோட்டுக் குழாய்க்குத் தினமும் நாலு நடை நடக்கிறவள் நான். ஆகவே, ‘மேற்படி சந்தில் ஆழ்துளைக் கிணறு அமைக்கப் பொருத்தமான துளையிடும் முறையையும் கருவியையும் தேர்ந்தெடுக்கும் குழு’ அமைந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், நடை மிச்சம் என்று குடத்தைக் கவிழ்த்தே வைத்துவிட்டேன்.

குழு முறைப்படிதான் நடந்துகொண்டது. என்ன மண் என்று தெரிந்தால்தானே என்ன இயந்திரம் என்று சொல்ல முடியும்? மண் மாதிரி எடுக்க, கையாலேயே குழாயைத் திருகி இறக்கிக் கைபோர் போடும் புருஷன் பெண்டாட்டி இருவரை அனுப்பினார்கள். சைக்கிளில் குழாய்களைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் திருக, அவள் வந்த மண்ணைப் பைபையாகக் கட்டி வைத்தாள். மணல், மணல், மறுபடியும் மணல். இருபத்தெட்டாவது அடியில் மண் வரவில்லை, தண்ணீர் வந்தது. ஒரு கை அள்ளிக் குடித்தேன். உப்புக் கரிக்கவே இல்லை.

குழுவின் துளை அதிகாரி வந்து பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது.

“மாதிரி நனைஞ்சிருக்கே.”

“தண்ணி வந்துடுச்சு சார்,” என்றாள் கைபோர்க்காரி.

“உங்களை மண்ணுக்குத்தானேம்மா அனுப்பினோம்?”

படிவத்தையும் காட்டினார். பாறை, களிமண், மணல் என்று மூன்று கட்டம் இருந்தது. தண்ணீருக்குக் கட்டம் இல்லை. மாதிரித் துளையில் நீர் எடுத்தால் மாதிரி சேதமாகும் என்று, அதன் வாயில் இரும்பு மூடி போட்டுப் பூட்டிவிட்டுப் போனார்.

அவரை மட்டும் குறை சொன்னால் என் வாய் அழுகிப்போகும். கைபோரா, லாரி இயந்திரமா என்று விதிப்படி எங்களையும் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். இந்த மணலுக்குக் கைபோரே போதும், லாரியில் வருவது பாறையை இடிக்கிற இயந்திரம், இங்கே இடித்தால் துளை சரிந்து மூடிக்கொள்ளும் என்று கைபோர்க்காரர் பொறுமையாகச் சொன்னார். சைக்கிளில் வந்தவர் பேச்சு யார் காதில் ஏறும்?

எதிர்வீட்டில் இருக்கும் என் ஓரகத்தி எழுந்தாள். “பக்கத்துச் சந்துக்குப் பன்னிரண்டு சக்கர லாரி வந்துச்சு. நமக்கு மட்டும் சைக்கிளா? எங்க அம்மா வீட்டுல கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?”

பக்கத்துச் சந்தில் தண்ணீர் வந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. லாரிதான் வேண்டும் என்று மனு எழுதினோம். முதல் கையெழுத்து என்னுடையது.

லாரி நுழைய ஏழு வீட்டு வாசற்படியை இடித்தோம். சக்கரத்துக்குப் பக்கத்தில் குழந்தையை நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். இயந்திரம் போட்ட சத்தத்தில் அடுப்படிப் பாத்திரமெல்லாம் தானாக இறங்கி வந்தது. நானூறு அடி போனார்கள். கம்பியை உருவிய நொடியே உள்ளே மணல் சரிந்து துளை தூர்ந்தது. மூன்று தரம் போட்டார்கள். மூன்று தரமும் தூர்ந்தது. சந்தில் மிஞ்சியது ஒரு மணல்மேடு. குழுவின் அறிக்கை ரத்தினச் சுருக்கம்: ‘தேர்ந்தெடுக்கப்பட்ட இயந்திரம் மிகவும் பொருத்தமானது. நிலம் ஒத்துழைக்கவில்லை.’

குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போனேன். பூட்டிய துளையைத் திறந்து ஓர் அடிபம்பு வைத்துத் தாருங்கள் என்றேன். அதிகாரி மறுக்கவே இல்லை. ‘லாரி தேவையில்லை, தெரியாமல் கேட்டுவிட்டோம்’ என்று சந்துக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதுமாம். கடிதத்தையும் அவரே எழுதித் தந்தார்.

“நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுவீங்களா சார்?”

“நான் எப்படிம்மா? எனக்கு மேல ஆள் இருக்காங்களே.”

“எனக்கு எதிர்வீட்டுல ஓரகத்தி இருக்காளே சார்.”

அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. முதல்முறையாக என்னை உட்காரச் சொன்னார்.

அந்தக் கடிதம் எங்கள் வீட்டில் லாரிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. நானும் ஓரகத்தியும் தினமும் சேர்ந்தே முனைரோட்டுக்குப் போகிறோம்.

“நீ போடேன்டி கையெழுத்து.”

“முதல் கையெழுத்து உங்களுதுதானே அக்கா. இதையும் நீங்களே ஆரம்பிச்சு வைங்க.”

பூட்டிய மூடி வழியில்தான் இருக்கிறது. இரண்டு பேரும் குடத்தோடு அதைச் சுற்றிக்கொண்டு நடப்போம். என் இடுப்பில் இருப்பதற்கு இப்போதுதான் பேச்சு வருகிறது. மூடியைக் கண்டதும் கையை நீட்டி, “தண்ணி, தண்ணி” என்கிறது.

“சும்மா இரு கண்ணு,” என்கிறோம், இரண்டு பேரும் ஒரே குரலில்.