மெர்பா குருவிக்கு ஒரு சேஃப்டி ஆபிசர்

பாதுகாவலர் என்று ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. காட்டில் தேட வேண்டாம். கல்யாண மண்டபத்தில் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பரிமாறுகிறவரைவிட அதிகமாக வியர்த்து, "சூடு, சூடு, புள்ளைங்கள தள்ளி உக்கார வைங்க" என்று அதட்டுகிறாரே, அவர்தான். நீங்கள் காரைப் பின்னால் எடுக்கும்போது எங்கிருந்தோ ஓடி வந்து, "வா வா வா வா" என்று கையை ஆட்டி, சுவரில் இடித்ததும் "நான் நிறுத்தச் சொன்னேன்ல" என்கிறாரே, அவரும்தான். இவரை யாரும் நியமிப்பதில்லை. நன்றி சொல்வதும் அபூர்வம். ஆனாலும் எதையாவது காப்பாற்றாத நாளில் இவருக்குச் சோறு இறங்காது.

இனத்தை அடையாளம் காண ஒரு வாக்கியம் போதும். "நான் பாத்துக்கிறேன்." இதைக் கேட்டதும் விவரம் தெரிந்தவர்கள் பொருளை எடுத்து மறைத்துவிடுவார்கள்.

பலருக்குப் பொழுதுபோக்காக இருக்கிற இந்தக் குணம், கிள்ளானில் ஒரு வரிசை வீட்டில் குடியிருக்கும் முகுந்தனுக்கு உத்தியோகமாகவே அமைந்துவிட்டது. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அவர் சேஃப்டி ஆபிசர். மற்றவர்கள் வேலை முடிந்து வரும்போது மீ கோரெங் பொட்டலம் கட்டி வருவார்கள். முகுந்தன் வேலையையே கட்டிக்கொண்டு வருவார். சாமி அறையில் விளக்குக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு தீயணைப்பு உருளை நிற்கிறது. முருகனைவிட அது கொஞ்சம் உயரம். தீபாவளிக்கு முறுக்கு சுடத் தொடங்கியபோது, மனைவி மாதவியையும் அவருடைய தங்கைகளையும் அடுப்பங்கரையில் வரிசையாக நிற்கவைத்து, தொழிற்சாலையில் ஷிப்டுக்கு முன்னால் கொடுக்கிற அதே பேச்சைக் கொடுத்தார்: எண்ணெய் எப்படியெல்லாம் தெறிக்கும், தெறித்தால் யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும், ஓடும்போது யார் யாரைத் தள்ளக் கூடாது. பேச்சு முடிவதற்குள் முதல் ஈடு கருகிவிட்டது.

"பாத்தீங்களா? கவனம் இல்லாட்டி இப்படித்தான்" என்றார்.

இப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது என்றால் அது காப்பாற்றப்பட்ட பூனையாகத்தானே இருக்க முடியும்? யாரோ ஒருவருடைய மைவி காரின் எஞ்சினுக்குள் மாட்டிக்கொண்டு கத்திய குட்டியை, கை முழுக்கக் கீறல் வாங்கி வெளியே எடுத்தார். பெயரும் மைவி என்றே ஆயிற்று. வளர்ந்தது, கொழுத்தது, சுற்றத்தை அழைத்து வந்தது. பூனைகளாக இருந்தாலும் ஒழுங்கு வேண்டாமா? ஆபத்து நேரத்தில் எல்லோரும் ஒரே இடத்தில் கூட வேண்டும் என்பது தொழிற்சாலை விதி. ஆகவே முகுந்தன் விசில் ஊதுவார், பூனைகள் வாசல் மூலையில் காகிதப்பூத் தொட்டியடியில் வந்து கூட வேண்டும், கூடியவர்களுக்கு பிஸ்கட். தொழிற்சாலையில் ஆட்கள் கூடுவதற்கு இன்றைக்கும் கால் மணி நேரம் ஆகிறது. பூனைகள் விசில் அடங்குவதற்குள் வந்துவிடும். இதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சமல்ல.

அந்தக் காகிதப்பூவில்தான் மெர்பா குருவி கூடு கட்டியது.

மெர்பாவை உங்களுக்குத் தெரியும். பழுப்பு முதுகு, வெள்ளை முகம், வாலடியில் யாரோ மஞ்சள் தேய்த்துவிட்டது போல ஒரு தீற்றல், காலையில் சுவரில் உட்கார்ந்து ஓயாமல் பேசும். முந்தைய முறை செம்பருத்தியில் கட்டியிருந்தது. ஒருநாள் காலை கால்மிதியில் சில இறகுகளும் ஒரு சின்னக் காலும் கிடந்தன. "காக்காதான்" என்றார் முகுந்தன். மாதவி முறத்தில் வாரிக்கொண்டு போய், செம்பருத்தி வேரடியில் புதைத்துவிட்டு, அன்றைக்கு முழுவதும் மைவிக்குச் சாப்பாடு போடவில்லை.

இந்த முறை குருவிக்குப் புத்தி வந்திருந்தது. கையை விட்டால் கை கிழிகிற அளவுக்கு முள் அடர்ந்த காகிதப்பூவின் நட்டநடுவில், கோப்பிக் கிண்ணம் போல ஒரு கூடு. தண்ணீர் ஊற்றும்போது மாதவி பார்த்தார். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் துணி காயப்போடுவதை நிறுத்தினார். தண்ணீரைத் தூர நின்றே பீய்ச்சினார். குருவி புழுவோடு உள்ளே நுழையும்போது முகுந்தன் வாசலில் இருந்தால், அடுப்பில் ஏதோ தீய்வதாகக் கத்தி அவரை உள்ளே வரவழைத்தார். இந்த முறையாவது குஞ்சுகள் பறக்க வேண்டும். அவ்வளவுதான் மாதவிக்கு வேண்டும்.

காட்டிக்கொடுத்தது மைவி. தொட்டியடியில் உட்கார்ந்து, கோபுரத்தைப் பார்ப்பது போல, மேலே பார்த்துக்கொண்டே இருந்தது.

"மாதவி, மைவி என்னத்த பாக்குது?"

"ஒண்ணும் இல்லீங்க."

"ஒண்ணும் இல்லாததையா இவ்ளோ நேரம் பாக்கும்?"

முக்காலி போட்டு ஏறினார். ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மாதவி! குஞ்சு! ரெண்டு!"

"தெரியும்."

"தெரியுமா? எப்பலேருந்து?"

"முட்டையா இருந்தப்பவே."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

மாதவி அவரைப் பார்த்தார். முக்காலியைப் பார்த்தார். "மறந்துட்டேன்" என்றார்.

"சரி, பரவால்ல. இனிமே நான் பாத்துக்கிறேன்."

"வேணாங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"அது பாட்டுக்கு இருந்ததாலதான் போன தடவ காக்கா தூக்குச்சு."

"காக்காவா?"

"பின்ன?"

மைவி கண்ணை மூடிக்கொண்டது.

அடுத்த நாள் தொழிற்சாலையிலிருந்து ஆரஞ்சு நிறக் கூம்புகள் வந்தன. மஞ்சள் கறுப்பு டேப் வந்தது. 'அவாஸ்' என்று பெரிய எழுத்தில் மலாய் எச்சரிக்கைப் பலகையும் வந்தது. இதையெல்லாம் குருவி பொறுத்துக்கொண்டது. அது பாட்டுக்கு டேப்பின் மேலேயே உட்கார்ந்து வாலை ஆட்டியது. ஆனால் முகுந்தன் இன்னும் வேலையைத் தொடங்கவே இல்லை. அபாயங்களை இடத்திலேயே கண்டுபிடித்து நீக்க வேண்டும் என்பது அவருடைய பாடம். தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கண்டுபிடித்தார்.

முள்.

பச்சைக் குஞ்சு. இறகு முளைக்காத உடம்பு. சுற்றிலும் முள். ஒரு காற்று அடித்தால் என்ன ஆகும்? யாராவது யோசித்தார்களா? கத்தரியை எடுத்து, கூட்டைச் சுற்றியிருந்த முள் கிளைகளை ஒவ்வொன்றாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, தாயுள்ளத்தோடு வெட்டி எடுத்தார்.

"என்னங்க பண்றீங்க?" மாதவி ஈரக் கையோடு ஓடி வந்தார். "அந்த முள்ளு இருக்கிறதாலதான் பூன ஏறல!"

"மைவி நம்ம வளர்ப்புமா. அதுக்கு டிரெய்னிங் குடுத்திருக்கேன்."

இப்போது கூடு எல்லாப் பக்கமிருந்தும் தெளிவாகத் தெரிந்தது. பார்வை மறைக்கப்படக் கூடாது என்பதும் ஒரு விதி. அடுத்தது, விழும் அபாயம். குஞ்சு விழுந்தால் சிமென்ட் தரை. விருந்தாளிகளுக்கு விரிக்கிற பழைய தோத்தோ மெத்தையை மடித்துக் கூட்டுக்கு நேர் கீழே போட்டார். மெத்தையை மைவிக்கு மிகவும் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து அங்கேயே படுத்துக்கொண்டது. "பாரு, காவலுக்கு நிக்குது" என்றார் முகுந்தன். ஆய்வு செய்ய ஏறி இறங்கும் முக்காலியையும் எடுக்கவில்லை. தினமும் எடுத்து வைத்தால் முதுகு பிடித்துக்கொள்ளும் அல்லவா?

குடியிருப்பின் வாட்சாப் குழுவில் படம் போட்டார். "யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம்" என்று எழுதி, வீட்டு எண்ணையும் போட்டார். தொந்தரவு செய்யாமல் பார்த்துவிட்டுப் போக ஆட்கள் வந்தார்கள். கிளையை விலக்கிக் காட்டுவது, டார்ச் அடிப்பது, "பிளாஷ் போடாதீங்க" என்று கத்துவது என முகுந்தனுக்கு மூச்சுவிட நேரமில்லை. பெற்ற குருவிகள் இரண்டும் மின்கம்பியில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தின.

"பாத்தீங்களா அங்கிள்? என்னைப் பாத்தா ரெண்டும் எப்படிப் பேசுதுங்க!" என்றார் பக்கத்து வீட்டு ஜெயந்திரனிடம். ஜெயந்திரன் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலிச்செடியைக் கத்தரிப்பதற்குச் சோம்பல்பட்டுக் காடாக வளரவிட்டிருப்பவர்.

"தம்பி, அது பேசேல்ல" என்றார் ஜெயந்திரன். "ஏசுது."

"சும்மா இருங்கலா அங்கிள்."

சனிக்கிழமை காலை. குஞ்சுகள் இறகு மூடி, கூட்டு விளிம்பு வரை வந்து நின்றன. இன்றோ நாளையோ பறக்கும். மாதவி சமையலறை ஜன்னலை விட்டு நகரவில்லை. முகுந்தன் தலைக்கவசம் மாட்டிக்கொண்டார். ஏனென்றால் தாய்க்குருவி சில நாட்களாக அவருடைய வழுக்கையில் பாசத்தோடு கொத்திக்கொண்டிருந்தது. முக்காலியில் ஏறினார். இலையை விலக்கினார். முகத்தை உள்ளே நீட்டினார்.

நீங்கள் அந்தக் குஞ்சாக இருந்து, உங்கள் படுக்கையறைக் கூரையைத் தூக்கிவிட்டு மஞ்சள் ஹெல்மெட்டோடு ஒரு பெரிய முகம் "குட் மார்னிங்" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? குதித்தன. ஒன்று தட்டுத்தடுமாறி மதிலில் ஒட்டிக்கொண்டது. மற்றது நேராக மெத்தையில் விழுந்தது. மைவியின் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில்.

மைவி கண்ணைத் திறந்தது. தன் வாழ்நாளில் இவ்வளவு நல்ல சேவையை அது பார்த்ததில்லை.

"பூன! பூன!" என்று ஜன்னலில் மாதவி அலறினார்.

முகுந்தனுக்கு முக்காலியிலிருந்து இறங்கக் கூடத் தோன்றவில்லை. இத்தனை வருஷ அனுபவத்தில் கை தானாக எங்கே போகுமோ அங்கே போனது. கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து, அவசரகாலத்துக்கு உரிய முறையில், நீளமாக ஊதினார்.

மதில் மேலிருந்து ஒன்று குதித்தது. சாக்கடையிலிருந்து ஒன்று ஏறியது. எதிர்வீட்டு லோரிக்கு அடியிலிருந்து ஒரு குடும்பமே புறப்பட்டது. அந்தத் தெருவில் இருந்த அத்தனை பூனைகளும், வாலைத் தூக்கிக்கொண்டு, ஒழுங்காக, பழக்கிவைத்த இடத்துக்கு, காகிதப்பூவின் அடிக்கு ஓடி வந்தன. முகுந்தன் அவற்றைப் பார்த்தார். அவர் கண்டுபிடிக்காமல் விட்ட அபாயம் எது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அது ஹெல்மெட் போட்டிருந்தது.

கதவு படாரென்று திறந்தது. கையில் பிஸ்கட் டின்னைக் குலுக்கிக்கொண்டு மாதவி வந்து நின்றார்.

"நீங்க நகராதீங்க! எதையும் தொடாதீங்க! நான் பாத்துக்கிறேன்!"

டின்னைக் குலுக்கிக்கொண்டே வீட்டுக்குள் ஓடினார். பூனைகள் பின்னால் ஓடின. மைவி குஞ்சைப் பார்த்தது, டின்னைப் பார்த்தது, குஞ்சைப் பார்த்தது. காப்பாற்றப்பட்ட நாளிலிருந்து உட்கார்ந்து தின்று பழகிய உடம்பு. டின் பக்கம் போனது. கதவு மூடிக்கொண்டது.

வாசலில் முகுந்தன் மட்டும். முக்காலியின் மேல், கையைத் தொங்கவிட்டுக்கொண்டு. மெத்தையில் குஞ்சு நடுங்கியது. எடுத்துக் கூட்டில் வைக்க விரல்கள் துடித்தன. தொடாதே என்று சொல்லியிருக்கிறார்கள். மூக்கு அரித்தது; சொறியவில்லை. எதுவும் செய்யாமல் நிற்பது எவ்வளவு கடினமான வேலை என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. தாய்க்குருவி புழுவோடு வந்து மதிலில் உட்கார்ந்து, மெதுவாக ஒருமுறை கூப்பிட்டது. இதுவரை அவர் கேட்டேயிராத குரல். குஞ்சு கூம்பின் மேல் தாவியது. டேப்பில் ஆடியது. மதிலுக்குப் போனது. பிறகு இரண்டு குஞ்சுகளும் ஜெயந்திரன் கத்தரிக்காமல் விட்ட வேலிச்செடிக்குள் போய் மறைந்தன. அவர் இல்லாமலே எல்லாம் நடந்து முடிந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வெகுநேரம் அந்த வேலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? பத்து மணிக்கு வாட்சாப்பில் செய்தி வந்தது: "அவசரகாலப் பயிற்சி வெற்றி. உயிர்ச்சேதம் இல்லை."

ஆனால் ஒரு மாற்றம் ஏற்பட்டிருக்கிறது. காகிதப்பூவில் முள் மீண்டும் அடர்ந்துவிட்டது. சில நாட்களுக்கு முன்னால் மெர்பா ஒன்று வாயில் நாரோடு அதற்குள் நுழைந்ததை முகுந்தன் பார்த்தார். மாதவியிடம் மூச்சுவிடவில்லை. எப்படிச் சொல்வார்? அன்றிலிருந்து மாதவி பிஸ்கட் டின்னைக் கையை விட்டு இறக்குவதில்லை. பூனைகளைப் பின்வாசலுக்கு விரட்டுவதற்குத் தண்ணீர்த் துப்பாக்கி வாங்கியாயிற்று. ஜெயந்திரனிடம் வேலியைத் தொடக் கூடாது என்று உத்தரவும் போட்டாயிற்று. குருவி நுழைகிற நேரத்தில் மாதவி வாசலுக்கு வந்தால், "மா, அடுப்புல ஏதோ தீயுதுபோல" என்று முகுந்தன் குரல் கொடுக்கிறார்.

இந்த இனம் தொற்றும். இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், முகுந்தன் கத்தரியை எடுத்த இடத்தில் "அட, முள்ளை வெட்டாதேய்யா" என்று நீங்கள் முனகியது எனக்குக் கேட்டது. விசிலை எடுத்தபோது கையை நீட்டிப் பிடுங்கப் பார்த்தீர்கள். அந்தக் குருவி உங்களைக் கேட்டதா?

போகட்டும். உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர், ஒரு செடிக்குத் தூர நின்றே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கக்கூடும், உங்களிடம் சொல்லாமல். எந்தச் செடி என்று பார்க்க எழுந்திருக்கிறீர்களே, உட்காருங்கள்.