அவசியமற்ற, அவசரமற்ற வயிறு

மனித குலம் கண்டுபிடித்த அறுவைக் கருவிகளிலேயே தலைசிறந்தது எங்கள் ஹமாசே நகராட்சி மருத்துவமனையின் ‘ஒத்திவைப்புக் குழு’ என்பதை உலகம் இன்னும் உணரவில்லை. அது மயக்க மருந்து கேட்காது, ரத்தம் சிந்தாது, தையல் பிரிக்கும் வேலையும் வைக்காது.

பெருந்தொற்று பரவிய ஆண்டில் டோக்கியோ நாட்டுக்கு நாலு சித்திர எழுத்தில் ஒரு சொல்லை அருளியது: ஃபுயோ-ஃபுக்யூ. அதாவது அவசியமற்றது, அவசரமற்றது. செர்ரிப்பூ பார்க்கப் போவது ஃபுயோ-ஃபுக்யூ. கரவோகே பாடுவது ஃபுயோ-ஃபுக்யூ. மீன் வடைக் கடைக்காரி நிவா அம்மாளின் வயிற்றில் இருந்த சின்னப் புற்றுக்கட்டியையும் குழு அதே வரிசையில் மரியாதையுடன் சேர்த்தது.

கட்டியை எடுக்க வேண்டியவர் தலைமை அறுவை மருத்துவர் குராமொச்சி. அறுவைக் கூடம் பூட்டப்பட்டதால் அவருக்கு ‘முன்னணிப் பணி’ கிடைத்தது: வாசலில் நின்று, வருகிறவர் நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டுவது. நீண்ட அனுபவசாலி ஆகையால் ஒரு நெற்றியும் தப்பவில்லை. கைப்பழக்கம் போய்விடுமோ என்று பயந்து, வீட்டில் கோழித்தோலைத் தைத்துப் பார்த்தார்.

“ஏங்க, தைச்ச கோழிய எப்படி வறுக்கிறது? நூல் பல்லுல மாட்டுது” என்றார் மனைவி.

“முடிச்சு நல்லா விழுந்திருக்கா?”

“முடிச்சுக்கென்ன, பிரமாதம். கோழிதான் பிழைக்கல.”

சும்மா இருக்கும் மருத்துவர்களின் மனநலத்தையும் குழு மறக்கவில்லை. அமுக்கி மகிழ ஆளுக்கொரு ரப்பர் பந்து வழங்கியது. அதை அமுக்கிக்கொண்டே குராமொச்சி குழுவிடம் போனார். தலைவர் ஷிமோதா, வாகன நிறுத்துமிடப் பிரிவிலிருந்து படிப்படியாக உயர்ந்தவர். எதையும் நிறுத்தத் தெரிந்தவர்.

“தலைவரே, நிவா அம்மாவுக்கு அவசரமில்லைங்கிறீங்க, ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். அவசியமும் இல்லேன்னா எப்படி? அந்தச் சொல்லை ரெண்டா வெட்டுங்க.”

“டாக்டர், அது நாலெழுத்தும் ஒட்டிப் பிறந்த சொல். அதுல கத்தி வைக்கிறதுக்கும் இப்ப அனுமதி இல்லை.”

முகக்கவசங்கள் சிரிப்பில் குலுங்கின. சேதியைச் சொல்லும் பொறுப்பு வழக்கம்போல் குராமொச்சிக்கே வந்தது. தொலைபேசியில் நிவா அம்மாளிடம் மறுபடியும் மன்னிப்புக் கேட்டார்.

“நீங்க ஏன் டாக்டர் சென்செய் மன்னிப்புக் கேக்குறீங்க? ஊருக்கே கஷ்டம். நான் பொறுத்துக்கிறேன்.”

“வலி எப்படிம்மா இருக்கு?”

“அதை ஒத்திப்போடச் சொன்னா கேக்க மாட்டேங்குது, சென்செய்.”

அந்த அம்மாள் போனை வைத்த பிறகும் அவர் வணங்கிக் குனிந்தபடியே நின்றார்.

இலையுதிர்காலத்தில் மீண்டும் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி கல்லீரலுக்குக் குடிபோயிருந்தது. படத்தை எடுத்துக்கொண்டு குராமொச்சி குழுவிடம் ஓடினார்.

“இப்பவாவது அவசரம்தானே?”

“சந்தேகமே இல்லை, அவசரம்தான்!” என்றார் ஷிமோதா. பிறகு படத்தைப் பார்த்தார். “இனிமே அறுத்துப் பிரயோஜனம் உண்டா, டாக்டர்?”

குராமொச்சிக்கு நோய் விஷயத்தில் பொய் சொல்லிப் பழக்கமில்லை. “இல்லை” என்றார்.

“அப்படின்னா அவசியமில்லை.” தலைவர் முகம் மலர்ந்தது. குழுவின் தொலைநோக்கு நிரூபணமாகிவிட்டது. உறுப்பினர்கள், கிருமி பரவாதபடி, மெல்லக் கைதட்டினார்கள்.

“தலைவரே,” என்றார் குராமொச்சி. “என் மேஜையில ஒருத்தர் செத்தா, அறுத்தவன் நான்தான்னு இறப்புப் பத்திரத்துல என் முத்திரை குத்தணும். இந்த அம்மாவுக்கு யார் குத்துறது?”

குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது, ஆழ்ந்து யோசித்தது. பிறகு அந்தக் கேள்வியை, அவசரமில்லை என்று, ஒருமனதாக ஒத்திவைத்தது.