கலவை மெஷினுக்குப் பின்னால் ஏழாம் வாசல்

ஒரு காட்டில் ஒரு விமான நிலையம் இருந்தது. இருந்தது என்று முழுசாகச் சொல்லிவிட முடியாது. பாதியை இடித்துவிட்டார்கள். மறுபாதியை இன்னும் கட்டவில்லை. நடுவில் மிச்சமிருந்த இடத்தில் விமானங்கள் வந்து போய்க்கொண்டிருந்தன.

நிலையத்தை நடத்தியது நாரைகளின் விமானக் கம்பெனி. பறக்கத் தெரிந்தவர்கள்தான் விமானம் விட வேண்டும் என்று அந்தக் காட்டில் ஒரு நம்பிக்கை. நாரைகள் யாரும் தங்கள் விமானத்தில் ஏறுவதில்லை என்பதை ஏனோ ஒருவரும் கவனிக்கவில்லை. திடீரென்று ஒருநாள் நாரைகளுக்குத் தங்கள் நிலையம் பழசாகத் தெரிந்தது. புதுப்பிக்கும் வேலையைக் கரையான்களுக்குக் கொடுத்தார்கள். இடிக்கவும் தெரிந்து கட்டவும் தெரிந்த ஆட்கள் வேறு யார் இருக்கிறார்கள்? ஒரே சிக்கல், எந்த வாசலில் எண் எழுதிப் பலகை மாட்டினாலும் மதியச் சாப்பாட்டுக்குள் கரையான்கள் அந்தப் பலகையைத் தின்றுவிடும். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்பதை மட்டும் கருங்கல்லில் வெட்டி வைத்திருந்ததால் அது தப்பித்தது. நிலையத்திலேயே வேலை முடிந்திருந்தது அது ஒன்றுதான்.

இந்த நிலையத்துக்குத்தான் ஒரு காலைவேளையில் கோமதி என்கிற முள்ளம்பன்றி வந்து இறங்கினாள்.

கோமதியின் மகள் பூரணியைக் கடல் தாண்டி ஒரு பாலைவனத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. பூரணிக்கு இது தலைப்பிரசவம். இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரசவம் பார்ப்பதற்கு அங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது. கோமதியின் அவசரம் வேறு. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் யார் சேனை தொட்டு வைக்கிறார்களோ, அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பது முள்ளம்பன்றிகளின் வழக்கம். விரல் நுனியில் கருப்பட்டித் தண்ணீர் ஒரு சொட்டு, அவ்வளவுதான். அந்த ஒரு சொட்டுக்காகக் கோமதி ஒரு மாதமாகத் தூங்கவில்லை. காரணம், மாப்பிள்ளையின் அம்மா சௌந்தரம். அவள் குணம் பேரப்பிள்ளைக்கு வந்துவிடக் கூடாது என்பதில் கோமதி தீர்மானமாக இருந்தாள். சௌந்தரத்திடம் அப்படி என்ன குறை என்று கேட்டால் கோமதியால் சட்டென்று ஒன்றும் சொல்ல முடியாது. சம்பந்தியம்மா என்பதே போதாதா?

ஆகவே டிக்கெட் எடுத்த விஷயத்தை மகளிடம் மட்டும் சொல்லி, வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டு, பிரசவ லேகியமும் ஒரு வட்டுக் கருப்பட்டியுமாகக் கிளம்பிவிட்டாள்.

பாதுகாப்புச் சோதனையில் ஒரு காட்டுப்பன்றி நின்றிருந்தது. கூர்மையான பொருள் ஏதாவது இருந்தால் தட்டில் வைக்கச் சொன்னது. கோமதி கொஞ்சம் யோசித்துவிட்டுத் தானே ஏறித் தட்டில் படுத்துக்கொண்டாள். மெஷினுக்குள் போய் மறுபக்கம் வந்தாள். காட்டுப்பன்றி திரையைப் பார்த்துவிட்டு, உள்ளே கூர்மையாக ஒன்றும் இல்லை, எல்லாம் வெளியேதான் என்று சொல்லி அனுப்பிவிட்டது.

டிக்கெட்டில் வாசல் எண் ஏழு என்று இருந்தது. விமானம் பதினொன்றரைக்கு. மணி ஒன்பதுதான் ஆகியிருந்தது.

இங்கே இந்தக் காட்டின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வழி கேட்டு வந்தவரிடம் "தெரியாது" என்று சொல்வது அங்கே பெரிய அவமரியாதை. வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்புகிற மாதிரி. தெரியுமோ தெரியாதோ, கையை நீட்டி ஒரு பக்கத்தைக் காட்டிவிட வேண்டும். பலகைகள் இருந்த காலத்தில் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒருவர் தப்பாகச் சொன்னாலும் பலகை திருத்திவிடும்.

கோமதி முதலில் ஒரு மயிலிடம் கேட்டாள். மயில் தோகையால் இடதுபக்கம் காட்டியது. அங்கே போனால் கழிப்பறை. வாசலில் நின்ற குரங்கு, நேற்றுவரை இதுதான் ஏழு, இன்றைக்கு மாடிக்குப் போய்விட்டது என்று ரொம்ப விவரமாகச் சொன்னது. மாடிக்குப் போனாள். படி பாதியில் முடிந்து, அதற்கு மேல் வானம் தெரிந்தது. கீழே ஒரு பெருச்சாளி, சுரங்கம் வழியாகப் போனால் சீக்கிரம் என்றது. சுரங்கத்தில் புகுந்து நிமிர்ந்தால் மறுபடியும் மயில். இப்போது மயில் வலதுபக்கம் காட்டியது. "முன்னாடி இடதுன்னு சொன்னீங்களே?" என்று கோமதி கேட்டதற்கு, "அது முன்னாடிம்மா" என்றது மயில்.

இப்படி மூன்று சுற்று. கோமதி மட்டும் சுற்றவில்லை. பெட்டியும் பையுமாக நாற்பது ஐம்பது பேர் அதே மாதிரி சுற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது சுற்றில் ஒருவருக்கொருவர் தலையசைத்து நலம் விசாரிக்கும் அளவுக்குப் பழக்கமாகிவிட்டது.

மணி பத்தே கால். கடைசியாகக் கோமதி உதவி மேசைக்கு வந்தாள். அங்கே நல்லதம்பி என்கிற தேவாங்கு கண்ணை அகல விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"தம்பி, ஏழாம் வாசல் எங்கே?"

"தெரியாதும்மா" என்றது நல்லதம்பி.

கோமதிக்கு முள் சிலிர்த்துக்கொண்டது. அவள் வாழ்நாளில் யாரும் அவளிடம் இப்படிப் பேசியதில்லை.

"வயசுல மூத்தவ வந்து கேக்கறேன். இதுதான் பதிலா?"

"உண்மையிலேயே தெரியாதும்மா. எங்க மேலாளருக்கே தெரியாது. பலகையைத் தின்னுட்டாங்க. இந்த பெஞ்சுல உக்காருங்க. வாசல் எதுன்னு முடிவானதும் முதல்ல உங்ககிட்டதான் வந்து சொல்லுவேன்."

"எப்ப முடிவாகும்?"

நல்லதம்பி ஒரு நிமிஷம் மனசாரத் தேடிப் பார்த்தது. "அதுவும் தெரியாதும்மா."

மேசைமேல் கிடந்த புகார்ப் புத்தகத்தைக் கோமதி இழுத்துப் பிரித்தாள். ஏற்கெனவே அதில் நூற்றுப் பத்துப் புகார்கள் இருந்தன. எல்லாம் நல்லதம்பியின் பேரில்தான். திசை தப்பாகக் காட்டிய மயில்மேல் ஒரு வரிகூட இல்லை. நூற்றுப் பதினொன்றாவதை எழுதிவிட்டுக் கோமதி நிமிர்ந்தபோது, எதிரே புதுச்சேலை சரசரக்க ஒரு முள்ளம்பன்றி வந்துகொண்டிருந்தது.

சௌந்தரம்.

"அடடே, சம்பந்தி" என்றாள் சௌந்தரம். "நீங்க அடுத்த வாரம்னுல்ல பூரணி சொன்னா?"

"நீங்க பேர் வைக்கத்தான் வருவீங்கன்னு அவ என்கிட்ட சொன்னா" என்றாள் கோமதி.

"எம்மவன் போன் பண்ணிட்டான். அம்மா, நீ வந்து சேனை தொட்டு வெச்சாத்தான் எனக்குத் திருப்தின்னான். பெத்தவன் ஆசைப்படும்போது மாட்டேன்னா சொல்ல முடியும்?" சௌந்தரம் கைப்பையைத் திறந்து ஒரு வெள்ளிக் கிண்ணத்தைக் காட்டினாள். பளபளவென்று இருந்தது. "பதநீர்க் கருப்பட்டி, உடன்குடியிலேருந்து வரவழைச்சேன். நீங்க லேகியம் கொண்டுவந்திருக்கீங்களா? நல்லதாப் போச்சு. பிள்ளைக்கு நான், தாய்க்கு நீங்க."

கோமதி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு உள்ளே என்ன இருந்தது என்பதைக் காட்டுப்பன்றியின் மெஷின்கூடக் கண்டுபிடித்திருக்காது.

"நீங்க முன்னாடியே வந்துட்டீங்கபோல" என்று சௌந்தரம் சுற்றுமுற்றும் பார்த்தாள். "எனக்கு இந்த இடமெல்லாம் ஒண்ணும் புரியல. ஏழாம் வாசல் எந்தப் பக்கம் சம்பந்தி?"

தெரியாது என்று சொல்லக் கூடாது. அது காட்டு வழக்கம். எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்பதில் மட்டும் கோமதிக்குக் கொஞ்சம் சுதந்திரம் இருந்தது. நிலையத்தின் கோடியில், நீலத் தார்ப்பாய்க்கு அப்பால், ஜல்லி மலை ஒன்றும் கடகடவென்று சுற்றும் கலவை மெஷின் ஒன்றும் தெரிந்தன. அதைவிடத் தூரமான இடம் அங்கே இல்லை.

"அதோ" என்றாள் கோமதி, கையை முழுசாக நீட்டி. "அந்தக் கலவை மெஷினுக்குப் பின்னாடி. நேரா போங்க. எங்கேயும் திரும்பாதீங்க. யாரு என்ன சொன்னாலும் கேக்காதீங்க. நான் ஒரு காப்பி குடிச்சிட்டு வந்துடறேன்."

சௌந்தரம் நன்றி சொல்லிவிட்டு நடந்தாள். நேராகத்தான் நடந்தாள்.

கோமதிக்கு மனசு உறுத்தாமல் இல்லை. காப்பி ஆறுகிற வரைக்கும் உறுத்தியது. அப்புறம் குடித்துவிட்டாள்.

அவள் கவனிக்காத ஒன்று நடந்தது. சுற்றிக்கொண்டிருந்த நாற்பது ஐம்பது பேரும் அவள் சொன்னதைக் கேட்டிருந்தார்கள். காலையிலிருந்து எத்தனையோ பேர் அவர்களுக்கு வழி சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இவ்வளவு உறுதியாக, இவ்வளவு அக்கறையாக ஒருவரும் சொல்லவில்லை. முதலில் இரண்டு முயல்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு சௌந்தரத்தின் பின்னால் போயின. முயல்களைப் பார்த்து மான்கள். மான்களைப் பார்த்து மற்றவர்கள். கடைசியில் மயிலும். ஜல்லி மலையைச் சுற்றிக் கலவை மெஷின் வரைக்கும் நல்ல நேரான வரிசை ஒன்று உண்டாகிவிட்டது.

இதைத் தன் அறை ஜன்னல் வழியாகப் பார்த்தார் நிலைய மேலாளர் ஆவுடையப்பன். வயதான பெருநாரை. மூன்று மாதமாக ஏழாம் வாசல் எது என்று தெரியாமல், யாரிடமும் கேட்கவும் முடியாமல், அறைக்குள்ளேயே ஒற்றைக் காலில் நின்றவர் அவர். மேலாளரே தெரியாது என்று சொன்னால் கம்பெனியின் மானம் என்னாவது? வரிசையைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்தது. பயணிகள் நிற்கிற இடம்தானே வாசல்? உடனே விமானத்தை அந்தப் பக்கம் கொண்டுவரச் சொல்லி, கலவை மெஷினை ஓரமாகத் தள்ளி, படியையும் போடச் சொல்லிவிட்டார்.

கோமதி காப்பித் தம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினால், எதிரே கண்ணாடிக்கு வெளியே விமானம். படியில் முதல் ஆளாக ஏறிக்கொண்டிருந்தது சௌந்தரம். கையில் வெள்ளிக் கிண்ணம் வெயிலில் மின்னியது.

கோமதி ஓடினாள். லேகியம் குலுங்க, முள்ளெல்லாம் கலகலக்க, தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு ஓடினாள். மணி பதினொன்று. நேரம் இருக்கிறது. வரிசையின் கடைசியில் நின்ற ஆமைகூட இன்னும் படியேறவில்லை. ஜல்லி மலையைத் தாண்டும்போது நான்கு நாரைகள் வழிமறித்தன. ஆவுடையப்பன் முன்னால் நின்றார்.

"ஏழாம் வாசல் இங்கேன்னு சொன்ன அம்மா நீங்கதானே?"

இல்லை என்று சொல்லக் கோமதி வாயெடுத்தாள். அதற்குள் வரிசையில் நின்ற முயல்கள் திரும்பிப் பார்த்து, அந்த அம்மாதான், அந்த அம்மாதான் என்றன.

"மூணு மாசமா எங்க கம்பெனியால கண்டுபிடிக்க முடியாததை நீங்க ஒரு கையை நீட்டிச் சொல்லிட்டீங்க" என்றார் ஆவுடையப்பன். "ஒரு பொன்னாடை. ரெண்டே நிமிஷம்."

தனக்கு விமானம் இருக்கிறது, மகளுக்குப் பிரசவம் என்று கோமதி கெஞ்சினாள். அதெல்லாம் தெரியும், உட்காருங்கள் என்று ஒரு நாற்காலியைப் போட்டார்கள். சிமெண்டு மூட்டைகளை அடுக்கி மேடை ஆக்கினார்கள். பொன்னாடையை வேண்டாம் என்று எழுந்து போக யாரால் முடியும்? கரையான்கள் சார்பில் வரவேற்புரை. நாரைகள் சார்பில் வாழ்த்துரை. மயில் வரிசையை விட்டு இறங்கி வந்து, இந்த அம்மாளுக்குக் காலையில் முதலில் வழி காட்டியதே தான்தான் என்று பேசிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டது. ஆவுடையப்பன் தலைமையுரையில் நாரைக் குலத்தின் வரலாற்றை ஆரம்பத்திலிருந்து தொடங்கினார். பொன்னாடை போர்த்தியதும் அறுபது முள்ளில் மாட்டிக்கொண்டது. புகைப்படக்காரர் அதை எடுத்து மறுபடி போர்த்தச் சொன்னார். நன்றியுரைக்கு ஆள் எழுந்தபோது விமானம் கிளம்பிவிட்டது. அந்த நிலையத்தின் சரித்திரத்தில் முதல்முறையாகச் சரியான நேரத்துக்கு. அதற்கும் எல்லாரும் கை தட்டினார்கள்.

அடுத்த விமானம் மூன்று நாள் கழித்துத்தான்.

நல்லதம்பிமேல் நூற்றுப் பதினொரு புகார் சேர்ந்திருந்ததால் அன்றைக்கே அதை மாற்றிவிட்டார்கள். தொலைந்த பெட்டிகள் பிரிவுக்கு. அங்கே "தெரியாது" என்பது ஒன்றுதான் பதில் என்பதால், அது ரொம்பத் திறமையான ஊழியர் என்று இப்போது பேராகிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் கோமதி உதவி மேசையின் பெஞ்சில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது.

"சம்பந்தி, பேரன்" என்றாள் சௌந்தரம். "தாயும் பிள்ளையும் சுகம். உங்களுக்காக ஒரு மணி நேரம் பார்த்தோம். அப்புறம் நானே தொட்டு வெச்சிட்டேன். நீங்க மட்டும் நேத்து வழி சொல்லலேன்னா நான் எங்க வந்து சேர? வர்றவங்க போறவங்க எல்லாருகிட்டயும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். இப்படி ஒரு சம்பந்தி எந்த வீட்டுக்குக் கிடைக்கும்னு."

கோமதி பொன்னாடையை ஒரு முள்ளிலிருந்து விடுவித்தாள். பிறகு, "பிள்ளை எப்படி இருக்கான்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பிறந்த அன்னிக்கே நடக்கிறான் சம்பந்தி. யாரு எந்தப் பக்கம் கையைக் காட்டினாலும் சிரிச்சிக்கிட்டே அந்தப் பக்கம் போயிடறான். அப்படியே என் குணம்."

நீதி: அடுத்தவருக்குத் தப்பான வழியைக் காட்டினால், காட்டிய கையோடு அவருக்கு முன்னால் ஓடிப்போய் அங்கே நின்றுகொள்ள வேண்டும், பொன்னாடை வந்து சேர்வதற்குள்.