என்னை இடித்தது பண்டி, பந்தி அல்ல

நகரி,
சார்வரி வருஷம், ஐப்பசி மாதம்.

சித்தூரில் வக்கீல் குமாஸ்தாவாக விளங்கும் மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை சிட்டிபாபு அவர்களுக்கு மாமனார் கன்னையா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே என் இடது கை நீங்கலாக எல்லோரும் சுகம். அங்கே உங்கள் சுகத்தையும் மகள் சந்திரம்மாவின் சுகத்தையும் ஒரு கார்டில் எழுதிப் போடவும்.

என்னை பஸ் இடித்த சங்கதி உங்கள் காதுக்கு எட்டியிருக்கும். எப்படி எட்டியது என்பதுதான் என் கவலை. ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம் வேர்க்கடலைக் கொல்லையை ஒட்டிப் பள்ளிப்பட்டு ரோடு வளைகிற இடம் உங்களுக்குத் தெரியும். அங்கே பொழுது சாய்கிற நேரத்தில் ரோட்டைத் தாண்டினேன், ஆரன் சத்தம் கேட்டது, திரும்பினேன், பஸ்ஸின் முகம் தெரிந்தது, அப்புறம் ஒன்றும் தெரியவில்லை. கண் விழித்தால் தலைமாட்டில் பஸ் நிற்கிறது, கை தொங்குகிறது, நாக்கைக் கடித்துக்கொண்டதில் அது வாய் கொள்ளாமல் வீங்கியிருக்கிறது. பஸ் இடிக்காமல் பின்னே ஆகாயமா இடித்தது? இதில் டிரைவர் பாலையா என் முகத்துக்கு நேரே குனிந்து, "பன்னி! பன்னி!" என்று கத்துகிறான். மாப்பிள்ளை, இடித்ததைக்கூட மன்னிக்கலாம். இடித்துவிட்டு என்னைப் பன்னி என்று திட்டியதை எப்படி மன்னிப்பது? அன்றே கேஸ் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அதற்கப்புறம் அவன் சாத்துக்குடியும் கையுமாக வீட்டுக்கு வந்து வாசலில் நின்றான். முகத்தைப் பார்க்கமாட்டேன் என்று கதவைச் சாத்தச் சொல்லிவிட்டேன்.

கேஸ் எங்கே கொடுப்பது என்பதில்தான் குழப்பம் ஆரம்பித்தது. பங்குனியில் திருத்தணியை மெட்ராஸ் பக்கம் விட்டார்கள் அல்லவா, அதிலிருந்து எந்தப் புளியமரம் யாருடையது என்று யாருக்கும் தெரிவதில்லை. முதலில் தமிழ்ப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போனேன். "நீ உயுந்த எடம் ஆந்திராய்யா, அங்க போய் சொல்லு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தப் பக்கத்து ஏட்டு தெலுங்குக்காரர். நான் தமிழில் பேசினால் இவரும் அந்தப் பக்கம் விரட்டிவிடுவாரோ என்ற பயத்தில் சுத்தமான தெலுங்கிலேயே பேசினேன். அதுதான் வினை. தெலுங்கில் பண்டி என்றால் வண்டி, பந்தி என்றால் பன்றி. என் வீங்கிய நாக்கு மேலே மடங்கவில்லை. பண்டி இடித்தது என்று நான் சொன்னது பந்தி இடித்தது என்று வெளியே வந்தது.

"பந்தியா?" என்றார் ஏட்டு. ஆமாம், பெரிய வண்டி என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, "அவுனு, பெத்த பந்தி" என்றேன். எவ்வளவு பெரியது என்று கேட்டார். ஊரே ஏறிக்கொண்டு போகலாம் என்றேன். அவர் என் தலையை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, ஓட்டி வந்தது யார் என்றார். பாலையா என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார். பஸ் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம், பஸ் எல்லா பாஷையிலும் பஸ்தான். எனக்கு அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

நஷ்டஈடு கேட்டுத் திருப்பதிக்குப் போனால், பஸ்ஸின் இன்சூரன்ஸ் ஆபீசர் ஏட்டு எழுதியதைப் படித்துவிட்டு, "பன்னிய இன்சூர் பண்ணியிருக்கீங்களா?" என்று மரியாதையாகவே கேட்டார். கையில் போட்டிருக்கும் புத்தூர்க் கட்டைப் பிரித்துக் காட்டச் சொன்னார். கட்டுப் போட்டவரோ, எலும்பு கூடுகிறவரை பிரிக்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். ஒருவர் பிரி என்கிறார், ஒருவர் பிரிக்காதே என்கிறார், நடுவில் கை என்னுடையது. திருத்தணி உறவுக்காரர்களுக்கு வேறு மாதிரி செய்தி போயிருக்கிறது. பந்தி என்றதும் அவர்கள் சாப்பாட்டுப் பந்தி என்று நினைத்துக்கொண்டு, "யார் ஊட்டு கல்யாணம்? பந்தியில அப்படி என்னா தள்ளுமுள்ளு?" என்று விசாரித்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள்.

கடலை பிடுங்குகிற சமயம், ஒற்றைக் கையோடு உட்கார்ந்திருக்கிறேன். நஷ்டஈடு வந்தால்தான் ஆள் விட முடியும். எனவே உங்கள் வக்கீலிடம் சொல்லி அந்தப் பன்றியை எடுத்துவிட்டு பஸ்ஸைப் போடச் சொல்லவும். கேஸ் ஜெயித்தால் முதலாளி தன்னை வேலையைவிட்டு நிறுத்திவிடுவார் என்று பாலையா அழுகிறானாம். அழட்டும். மனுஷனைப் பன்னி என்றவன்மேல் எனக்கு இரக்கம் வராது.

பத்மாவதித் தாயார் உங்கள் இருவருக்கும் சகல பாக்கியங்களையும், எனக்கு ஒழுங்கான நாக்கையும் அருளட்டும்.

இப்படிக்கு,
கன்னையா.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் உங்கள் மாமியார் வெங்கடம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். ஆகாயமா இடித்தது என்ற இடத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மிரட்டிக் கேட்ட பிறகு சொல்கிறாள்: "அன்னிக்கு நம்ம கொல்லையில காட்டுப்பன்னி கடலைய துன்னுக்கினு இருந்திச்சு. நான்தான் தகரத்த தட்டி ரோட்டுப் பக்கம் ஓட்டினேன். அது நேரா ஓடியாந்து உன்மேல பாஞ்சிச்சு. பஸ்காரன் பாவம், உன்ன பார்த்துட்டு அப்பவே நிறுத்திக்கினான். சொன்னா கத்துவியேன்னு கம்முனு இருந்துட்டேன்."

பாலையா என்னைத் திட்டவில்லை மாப்பிள்ளை, உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறான். எனக்கு வெட்கமாக இருக்கிறது. கேஸைத் தொடவே வேண்டாம், அவன் வேலை போகக் கூடாது. பன்றி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஏட்டய்யா எழுதியது அத்தனையும் நிஜம், ஓட்டியவர் பெயர் ஒன்றுதான் தப்பு. அந்தப் பெயரை மாற்றினால் சொந்தப் பெண்சாதியிடம் நஷ்டஈடு கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று, வேறு யாருக்கோ கேட்பதுபோல வக்கீலைக் கேட்டு எழுதவும். பதிலைக் கார்டில் எழுத வேண்டாம். தபால்காரர் அவளுக்குப் படித்துக் காட்டிவிடுவார்.