முள்ளம்பன்றிக்கு வந்த சீட்டு

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவள் செசிலி அக்கா. போன ஐப்பசியில், கேன்சர் ஆஸ்பத்திரி வரிசையில். அவளுக்கு முப்பத்தெட்டாம் டோக்கன், எனக்கு முப்பத்தொன்பது.

ஒரு காட்டில் பொன்னுத்தாய் என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். வயிற்றில் கட்டி. பழைய மருந்து கட்டியையும் சுட்டது, அவளையும் சேர்த்துச் சுட்டது. முள்ளெல்லாம் கொட்டி, பாவம், பெருச்சாளி மாதிரி ஆகிவிட்டாள்.

அந்தக் காட்டு டாக்டர் மரங்கொத்தி, பத்து வருஷம் பாடுபட்டு ஒரு மாத்திரை கண்டுபிடித்தார். "நான் மரம் பூராவுமா கொத்துறேன்? புழு இருக்கிற இடத்தைத்தானே! இதுவும் கெட்ட அணுவை மட்டும் தேடிப் போய்க் கொத்தும்" என்றார். பொன்னுத்தாயின் கட்டியில் துளி எடுத்துப் பார்த்தார். "தாயி, உனக்குன்னே செஞ்ச மாதிரி பொருந்துது! பாரம் மட்டும் எழுதிக் குடுத்துட்டு வா."

பாரம் வாங்குகிற இடத்தில் கொக்கு, ஒற்றைக்காலில்.

"எடை குறைஞ்சிருக்கக் கூடாது. ரத்தம் குறைஞ்சிருக்கக் கூடாது. ஒரு மைல் மூச்சு வாங்காம நடக்கணும்."

"அத்தனையும் இருந்தா நான் ஏன் சாமி இங்க வாறேன்?"

"புது மருந்தும்மா. யாராச்சும் செத்துகித்து வச்சா மருந்துக்குல்ல கெட்ட பேரு! உடம்பு தேறினதும் வா."

அழுதுகொண்டே வந்தவளைப் பக்கத்து மரத்துக் குரங்கு சுடலை பார்த்தான். "இதுக்கா மதினி அழுவாங்க?" என்று நேரே போய்ப் பாரம் கொடுத்தான். எல்லாவற்றிலும் பாஸ். கட்டி இருக்கிறதா என்று மட்டும் பாரத்தில் கேள்வியே இல்லை. இல்லாதவன் எதற்கு வரப்போகிறான் என்று விட்டுவிட்டார்கள்.

தினமும் மாத்திரையை வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொள்வான். கொக்கு "வாயைத் திற" என்றால் ஈ என்று பல்லைக் காட்டுவான். வெளியே வந்து துப்புவான். "எச்சில் பாக்காதீங்க மதினி." அவள் கண்ணை மூடிக் கும்பிட்டு விழுங்குவாள்.

ஆறு மாதத்தில் கட்டி கரைந்தது. முள் முளைத்தது. அங்கே சுடலையின் வயிற்றைப் படம் எடுத்துப் பார்த்த கொக்கு, "கட்டி இருந்த தடமே இல்லை! முழு வெற்றி!" என்று காடெங்கும் தண்டோரா போட்டது.

அந்த வாரமே ஆற்றங்கரையில் பொன்னுத்தாயைக் கண்டது. மேலும் கீழும் பார்த்து ஒரு சீட்டை நீட்டியது.

"இப்பத்தான் நீ மருந்துக்குத் தகுதி ஆயிருக்கே. நாளைக்கே வந்துடு!"

நீதி: மருந்து வேண்டுமானால், முதலில் குணமாகிவிட வேண்டும்.

இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் செசிலி அக்கா, புது மருந்து கேட்டு எழுதிய தன் பாரத்தை உள்ளே நீட்டினாள். பதில் இன்னும் வரவில்லை. நீங்கள் ஜெபம் பண்ணும்போது அவள் பேரையும் ஒரு தரம் சொல்லிவிடுங்கள்.