ஜன்னல் அறையும் ஊமைக் கட்டைகளும்

மனிதன் எடுக்கும் பெரிய தீர்மானங்களில் பாதி, வயிறு நிறைந்த வேளையில் எடுக்கப்படுபவை. மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரும் ஒரு விடுமுறை நாளில், மதியச் சாப்பாடு முடிந்து கையலம்பிக்கொண்டிருந்தபோதுதான், எஞ்சிய ஆயுளை நாத வழிபாட்டுக்கே அர்ப்பணிப்பது என்று சங்கல்பம் செய்துகொண்டார். அடியார்கள் ஆட்கொள்ளப்படும் கணம் எது என்று யாரால் சொல்ல முடியும்? இவரை ஆட்கொண்டது முதல் நாள் ஒரு கடை ஜன்னலில் கண்ட டிஜிட்டல் ஸ்டேஜ் பியானோ.

அது வீட்டுக்கு வந்து இறங்கியது. எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அவர் இடமே கொடுக்கவில்லை. வீட்டில் பெரிய ஜன்னல் இருப்பது ஒரே அறையில். அந்த அறையில் அதுவரை அவருடைய மனைவியின் தையல் மேசையும் தையல் இயந்திரமும் இருந்தன. அவள் வெளியாருக்குத் துணி தைத்துக் கொடுப்பவள். காலை வெளிச்சம் முழுக்க அந்த மேசையின் மேல்தான் விழும். மேசையும் இயந்திரமும் நடைவழிக்கு, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தன. மனைவி கடைவீதியிலிருந்து திரும்பி வந்து பார்த்தாள்.

"என்னங்க இது? பலகையா, பெட்டியா?"

"பியானோம்மா. சாதாரணப் பியானோ இல்ல. மேடையில வாசிக்கிறது."

"நம்ம வீட்ல ஏதுங்க மேடை? அடுப்பு மேடை ஒண்ணுதான் இருக்கு. அது பக்கம் நீங்க வந்ததே இல்ல."

"இதுக்குள்ள நூத்துக்கணக்கான குரல் இருக்கு, தெரியுமா?"

"ஒரு குரல் இங்க கத்திக்கிட்டிருக்கு. அதுக்கே பதிலைக் காணோம். என் மேசை எங்க?"

மேசை இருந்த இடத்தைக் காட்டினார். அவள் நடைவழியைப் பார்த்தாள், பியானோவைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். இல்லறத்தில் பழக்கமுள்ளவர்கள் இந்த மௌனத்துக்கு அஞ்சுவார்கள். கடைக்காரர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

பயிற்சி தொடங்கியது. மற்றவர்கள் முதலில் விரல் வைக்கக் கற்பார்கள், பிறகு பாட்டு, அதற்கும் பிறகுதான் கருவியின் நுட்பங்கள். கடைக்காரர் மலையின் உச்சியிலேயே போய் இறங்கியவர், நடக்கத்தான் தெரியவில்லை. கட்டைகளை நடுவில் பிரித்து இடப்பக்கம் ஒரு வாத்தியமும் வலப்பக்கம் ஒரு வாத்தியமும் ஒலிக்கச் செய்யும் ஸ்ப்ளிட் அவருக்கு அத்துபடி. ஒரு குரலின் மேல் இன்னொரு குரலைப் போர்த்தும் லேயர் தண்ணீர் பட்ட பாடு. சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் கைவந்த கலை. இத்தனை ஐசுவரியத்தையும் ஒரே விரலால் ஆண்டுகொண்டிருந்தார். அந்த ஆள்காட்டி விரல், பேருந்தில் காலி இருக்கை தேடும் பயணியைப் போல, கட்டை கட்டையாக அலைந்தது.

அவ்வப்போது நடைவழிக்கு வந்து விளக்கம் சொல்வார்.

"இப்ப பியானோ மேல வயலின் கூட்டத்தையே லேயர் பண்ணிட்டேன்."

"லைனிங் குடுத்துட்டீங்க. சரி, சட்டை எங்க?"

"ஸ்ப்ளிட்ல இடது பக்கம் செல்லோ, வலது பக்கம் புல்லாங்குழல்."

"ரெண்டு துணியை ஒட்டுப் போட்டிருக்கீங்க. போட்டுக்கோங்க. பாட்டு எப்ப வரும்?"

"அடிப்படை சரியா இருந்தா பாட்டு தானா வரும்."

"அது தானா வர்றதுக்குள்ள எனக்குக் கண்ணு போயிடும்ங்க. கறுப்புத் துணியில கறுப்பு நூல். இந்த இருட்டுல தச்சுத் தச்சு, நேத்து ஒரு சட்டைக்குக் காலரையே உள்பக்கம் வெளிப்பக்கமா வச்சுத் தச்சுட்டேன். அந்தம்மா இனிமே வேற கடைக்குப் போறாங்களாம்."

ஊராருக்கெல்லாம் பார்வை சரிசெய்யும் மனிதரின் மனைவி, ஊசியில் நூல் கோக்கத் தடுமாறினாள். இது அவர் மனத்தில் உறுத்தாமல் இல்லை. ஆனால் கலைக்கு முன்னால் உறுத்தல்கள் ஒதுங்கித்தானே நிற்க வேண்டும்? கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை என் தங்கச்சியும் அவ வீட்டுக்காரரும் வர்றாங்க. அவங்க முன்னாடி ஒரு பாட்டு. ரெண்டு கையாலயும். தொடக்கத்துலேர்ந்து கடைசி வரைக்கும். வாசிச்சுட்டீங்கன்னா ஜன்னல் ரூம் உங்களுக்கே. இல்லேன்னா என் மேசை உள்ள வந்துடும். சம்மதமா?"

"ரெண்டு பாட்டு வாசிக்கிறேன்."

"ஒண்ணு போதும். நான் தைக்கும்போது முணுமுணுப்பேனே, அந்த சாமி பாட்டு. அதையே வாசிங்க."

சரி என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தமது ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டார். அதுவும் அவரைப் பரிதாபமாகப் பார்ப்பது போலிருந்தது.

ஆனால் நுட்பம் அறிந்தவன் அநாதை அல்லன். லோக்கல் ஆஃப் என்றொரு ஏற்பாடு அந்தக் கருவியில் இருந்தது. அதைப் போட்டுவிட்டால் கட்டைகளை எப்படி அழுத்தினாலும் ஊமையாகக் கிடக்கும்; ஆனால் உள்ளே பதிவு செய்து வைத்த பாட்டு மட்டும் தங்குதடையின்றி ஒலிக்கும். என்ன நல்ல காரியத்துக்காக அந்த வசதியைப் படைத்தார்களோ! தம் பொருட்டே படைத்தார்கள் என்று கடைக்காரர் நம்பினார்.

மேல்மாடியில், பியானோவும் வாசிக்கத் தெரிந்த ஒரு பாட்டு டீச்சர் குடியிருந்தார். மனைவி பொத்தான் வாங்கப் போயிருந்த நேரத்தில், கருவி சரியாகப் பதிவு செய்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி அவரை அழைத்து வந்தார். டீச்சர் உட்கார்ந்தார், அந்த சாமி பாட்டை இரண்டு கைகளாலும், காலால் பெடலையும் மிதித்து, உருக உருக வாசித்தார், எழுந்து போனார். பாட்டு உள்ளே தங்கிவிட்டது. அன்றிலிருந்து கடைக்காரர் பயின்றதெல்லாம் கைகளை அசைக்கும் பாவனையைத்தான். தோளை ஏற்றுவது, கண்ணை மூடுவது, வலது மணிக்கட்டை அன்னத்தின் கழுத்தைப் போல வளைப்பது. அத்தனையும் பழுதின்றி வந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. மைத்துனி வந்தாள். அவளுடைய கணவர், நம்மவருக்குச் சகலை, வந்தார். சகலைக்குப் பேருந்துப் பணிமனையில் வேலை. எந்தப் பொருளைக் கண்டாலும் முதலில் குனிந்து அதன் அடிவயிற்றைப் பார்ப்பார்.

"அண்ணே, கீழ ஒரு பெடல் இருக்கே. இது கிளட்சா, பிரேக்கா?"

"அதெல்லாம் ஒரு துணைதான் தம்பி. மிதிச்சா சத்தம் நீண்டு கேக்கும், அவ்வளவுதான்."

"அத்தான், சீக்கிரம் ஆரம்பிங்க," என்றாள் மைத்துனி. "இந்த ரூமுக்காகப் பந்தயமாமே, அக்கா போன்ல சொன்னா. வர்ற வழியெல்லாம் இதே பேச்சுதான்."

கடைக்காரர் அமர்ந்தார். ஏதோ சரிசெய்பவர் போல இடது சுண்டுவிரலால் ஒரு பொத்தானைத் தொட்டார். பாட்டு புறப்பட்டது. அவருடைய பத்து விரல்களும் ஊமைக் கட்டைகளின் மேல் நடனமாடின. சகலை வாயைப் பிளந்தார். மைத்துனி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இருவரும் கைகளையே பார்த்தார்கள்.

மனைவி கைகளைப் பார்க்கவில்லை. தெய்வத்தைத் தரிசிக்கும் முறை பாதாதிகேசம். திருவடியில் தொடங்கித் திருமுடிக்குப் போக வேண்டும். தையல் இயந்திரம் மிதித்தே வாழ்நாளைக் கழித்தவளுக்கு அந்த முறை இயல்பாகவே வாய்த்திருந்தது. இசை நீண்டு ததும்பி இழைந்துகொண்டிருக்க, கணவரின் திருவடிகள் இரண்டும் நாற்காலிக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன.

"கொஞ்சம் நிறுத்துங்க," என்றாள்.

சுண்டுவிரல் ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்கியது.

"நானும் கூடப் பாடலாம்னு பார்க்கிறேன். சுருதி எனக்கு எட்டல. ரெண்டு படி இறக்குவீங்களா?"

இவ்வளவுதானா! கடைக்காரருக்கு உயிர் வந்தது. ட்ரான்ஸ்போஸைத் தட்டினார். பாட்டு இரண்டு படி இறங்கிப் புறப்பட்டது.

"இருங்க இருங்க. இவ்வளவு வேகத்துல நான் மூச்சு விடறது எப்போ? மெதுவா வாசிங்களேன்."

டெம்போவைக் குறைத்தார். பாட்டு மெதுவாகப் புறப்பட்டது.

"அண்ணே, கேட்டதெல்லாம் குடுக்கிறீங்களே," என்றார் சகலை. கடைக்காரர் வரம் வழங்கும் தோரணையில் தலையசைத்தார்.

மனைவி பியானோவுக்குப் பக்கத்தில் வந்து நின்று பாடத் தொடங்கினாள். நடைவழியில் இயந்திரச் சத்தத்தோடு கலந்து வரும் முணுமுணுப்பாகத்தான் அதை அவர் இதுவரை கேட்டிருந்தார். முழுக் குரலில், பின்னால் இசை தாங்கி நிற்க, இன்றுதான் கேட்டார். அது பாட்டாக இல்லை; விண்ணப்பமாக இருந்தது. 'என்னை ஏன் இருட்டில் வைத்தாய்' என்று யாரையோ கேட்கும் வரி வந்தபோது குரல் சற்றே நடுங்கியது. சகலை கண்ணை மூடிக்கொண்டார். மைத்துனி முந்தானையை முகத்தில் ஒற்றிக்கொண்டாள்.

கடைக்காரர் உருகிப் போனார். தன்னை மறப்பது பக்தியின் உயர்ந்த நிலை என்பார்கள். ஆனால் கள்ளத்தனம் செய்துகொண்டிருப்பவன் தன்னை மறக்கலாகாது. அவர் மறந்தார். கண்ணில் நீர் வந்தது. மூக்குக் கண்ணாடி மங்கியது. மங்கிய கண்ணாடியை அந்தத் தொழிலில் இருப்பவரால் ஒரு நொடிகூடப் பொறுக்க முடியாது. இரண்டு கைகளையும் எடுத்து, கண்ணாடியைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்த மெல்லிய துணியால், வாடிக்கையாளருக்குச் செய்வது போல, முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம் என்று நிதானமாகத் துடைக்கத் தொடங்கினார்.

பியானோ அது பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது எதிரே மனைவியின் முகம் மிகத் தெளிவாகத் தெரிந்தது. அவள் அவருடைய வெறுங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டை மட்டும் விடவில்லை. பாடிக்கொண்டே கையை நீட்டி ஒரு கட்டையை அழுத்தினாள். சத்தமில்லை. பக்கத்துக் கட்டையை அழுத்தினாள். அதிலும் இல்லை. அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்து மறைந்தது. இடுப்பால் லேசாக இடித்தாள். கடைக்காரர் நாற்காலியின் ஓரத்துக்கு நகர்ந்தார், இன்னும் ஓர் இடி, எழுந்தே விட்டார். அவள் அமர்ந்தாள். பத்து விரல்களையும் கட்டைகளின் மேல் இறக்கினாள். அப்போதுதான் சகலை கண்ணைத் திறந்தார்; மைத்துனியும் முந்தானையை விலக்கினாள். வலது காலைப் பெடலில் வைத்து, இசை நீளும் இடத்தில் அழுத்தி, அடங்கும் இடத்தில் விட்டாள். அவளுடைய பாட்டு, எங்கே மூச்சு, எங்கே நிறுத்தம் என்று அவளுக்குத் தெரியாதா? கடைசிச் சொல்லும் கடைசி ஒலியும் ஒன்றாக முடிந்த அதே கணத்தில் இரண்டு கைகளையும் மெல்ல எடுத்தாள்.

சகலை பியானோவுக்கு அருகே வந்தார்.

"அண்ணி, நீங்களா வாசிச்சீங்க?"

"கடைசிப் பாதி மட்டும்தான் தம்பி. இவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நடுவுல நின்னுடக் கூடாதேன்னு நான் உக்காந்துட்டேன்."

"பாடிக்கிட்டே வாசிச்சியேக்கா," என்றாள் மைத்துனி. "எப்ப கத்துக்கிட்டே?"

"தனியா எங்க கத்துக்கிட்டேன்? இவர் எப்படி வாசிச்சாரோ, அதே மாதிரிதான் நானும் வாசிச்சேன். ஏங்க, நான் சொல்றது சரிதானே?"

கடைக்காரர் வாயைத் திறந்தார். அவள் வாசிக்கவே இல்லை என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியம் என்னவாக இருக்கும் என்று யோசித்தார். வாயை மூடிக்கொண்டு, "சரிதான்," என்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே," என்றார் சகலை. "கை வேகம் உங்களுக்கு ஜாஸ்தி. அதை ஒத்துக்கிறேன். ஆனா அண்ணி வாசிப்புல ஒரு உயிர் இருக்கு. காலைக்கூடச் சும்மா விடல, பாருங்க. உங்க வாசிப்புல அது கொஞ்சம் குறையுது."

"குறையுதுதான்."

"அப்ப பந்தயம்?" என்றாள் மைத்துனி. "அத்தான் பாதியில விட்டுட்டார். முடிச்சது அக்கா. ரூம் அக்காவுக்குத்தானே?"

"பாவம், அவர் ஆசையா வாங்கினது," என்றாள் மனைவி. "அவரே சொல்லட்டும்."

சொல்வதற்கு என்ன இருக்கிறது? சரணாகதிக்குச் சொற்கள் தேவையில்லை. கடைக்காரர் நடைவழிக்குப் போய்த் தையல் மேசையின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையைச் சகலை பிடித்தார். மேசை ஜன்னலடியில் இறங்கியது. வெளிச்சம் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது. பியானோ வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றது. அதன் முன்னால் அவர் நிற்பதைப் பார்த்து மைத்துனிக்கு இரக்கம் வந்துவிட்டது.

"விடுங்க அத்தான், மனசைத் தளர விடாதீங்க. தினமும் கொஞ்ச நேரம் அக்காகிட்ட உக்காந்து கத்துக்கிட்டா, உங்களுக்கும் வாசிக்க வந்துடும்."